மான் போன பக்கம்

எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவருக்குக்கூட இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். இத்தனை எளிய விஷயத்தை, இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே காது குத்திக்கொண்ட என் சித்தப்பா ஒருநாள் காலையில் எப்படி மறந்தார் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் தீராத பேச்சு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். லீவோடு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள்: காட்டுப் பூக்கள் பத்து சேகரித்து, நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு வர வேண்டும். ரோஜாவும் செம்பருத்தியும் ஒட்டினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் இதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் சித்தப்பாவுக்கு மட்டும் திடீரென்று காது கேட்டது.

“பூ தான வேணும்? மலைய ஒட்டி காட்டுக்குள்ள ஒரு வழி போகுதே, அதுல போலாம். குடும்பத்தோட ஒரு நடை. பூவும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு” என்றார்.

அம்மா உடனே சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே யோசிக்கிற அப்பாவும் சரி என்றார். என் நோட்டுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த நடை என் நோட்டுக்காக இல்லை, என் அத்தைக்காக. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. வேங்கிக்காலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். அதுவரை நான்கு தடவை அவரைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் கலர் கம்மி என்றார்கள். இன்னொரு வீட்டில் படிப்பு ஜாஸ்தி என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஒன்றுமே சொல்லாமல் தட்டை மட்டும் காலி செய்துவிட்டுப் போனார்கள். நான்காவது ஆட்கள் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த நான்காவது ஆட்கள் போன ராத்திரி அத்தை பஜ்ஜித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இனிமே எவன் முன்னாடியும் தட்டு தூக்கிட்டு நிக்கமாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்” என்றார். அவர் கத்திச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாரும் பயந்தார்கள்.

அதிகம் பயந்தவர் சித்தப்பா. தங்கைக்கு முடியாமல் அண்ணன் மணவறையில் உட்கார முடியாது. அவருக்குப் பெண் தயார், அவரும் தயார், தேதி மட்டும் அத்தையின் கையில் இருந்தது. எனவே அவர் ஒரு திட்டம் போட்டார். கீழ்பென்னாத்தூரில் ஒரு குடும்பம். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற நிலம், கூடவே பையன் செடிகள் விற்கிற ஒரு நர்சரியும் வைத்திருந்தான். அவர்களும் அதே காலையில் அதே காட்டு வழியில் மலையைச் சுற்றுவார்கள். ஏழரை மணிக்கு உள்ளே இருக்கிற குளத்தங்கரையில் இரண்டு குடும்பமும் ‘தற்செயலாக’ சந்திக்கும். அட, நீங்களா என்று சித்தப்பா ஆச்சரியப்படுவார். அத்தைக்குத் தெரியாமலே அத்தையைப் பார்த்துவிடுவார்கள். எனக்கும் சொல்லவில்லை. என் வாயில் எதுவும் தங்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்த வாரத்தில் நான் பார்த்த ஒன்று மட்டும் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. வாஷிங் மெஷினில் துணி போடும்போது அத்தை சித்தப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போட்டோவை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். “ஆபீஸ் ஆளு. உனக்கெதுக்கு” என்றார். பிறகு அதே சட்டை தேய்த்து வந்ததும் அதே பையில் போட்டோவைப் போட்டு வைத்தார். ஆபீஸ் ஆள் எதற்குச் சித்தப்பா சட்டையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் கார்ட்டூன் ஆரம்பித்துவிட்டது.

சித்திரை பாதி. விடியும்போதே வெயிலுக்கு வழி தெரிந்துவிடுகிற மாதம். அதனால் இருட்டு பிரியும்போதே புறப்பட்டோம். அம்மா அத்தையிடம் மாம்பழக் கலர் புடவை ஒன்றையும் இரண்டு முழம் மல்லிகையையும் நீட்டினார். முள்ளுக்காட்டுக்குப் போக எதற்குப் பட்டுக் கரை என்று எனக்கே தோன்றியது. அத்தை புடவையை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“பூ பாக்கப் போறவளுக்கு எதுக்கு அண்ணி பூ?” என்றார். ஆனால் மல்லிகையில் ஒரு சாண் கிள்ளி வைத்துக்கொண்டார். ஆபீசுக்குப் போடுகிற பருத்திச் சுடிதார், தோளில் ஒரு பை. பைக்குள் என் நோட்டு, பசை, கத்தரிக்கோல். அவ்வளவுதான். வெறும் கால் எல்லாருக்கும்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே காடு வேறு சத்தமாக இருந்தது. மழை பெய்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் புல் இன்னும் முழுக்கக் காயவில்லை. எருக்கு இருந்தது, தும்பை இருந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் மஞ்சளாக நெருஞ்சி சிரித்தது, சிரித்துக்கொண்டே குத்தியது. கொன்றை மரமொன்று இலையே இல்லாமல் உடம்பெல்லாம் மஞ்சள் பூவைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. சித்தப்பாவிடம் பெயர் கேட்டேன். ஆவாரம்பூ என்றார். சற்றுத் தள்ளித் துத்திப் பூவைக் காட்டினேன். அதுவும் ஆவாரம்பூதான் என்றார். மஞ்சளாக எதைக் காட்டினாலும் அவருக்கு ஆவாரம்பூ. அவருடைய கண் பூவில் இல்லை, செல்போனில் இருந்தது. மலைக்குப் பின்பக்கம் திரும்பியதும் டவர் போய்விட்டது. நடப்பதும், ஒரு பாறை மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடிப்பதும், இறங்கி நடப்பதுமாக வந்தார். எதற்கு என்று கேட்டால், மயிலைப் போட்டோ எடுக்க என்றார். மயில் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. போன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கீரி பாதையைக் கடந்து போனது. வாலைத் தரையோடு இழுத்துக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் போயிற்று. அம்மா நின்று, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நல்ல சகுனம். முடிஞ்சிடும்” என்று அப்பாவிடம் சொன்னார். என் நோட்டில் அப்போது ஐந்து பூதான் இருந்தது. அதற்குள் எப்படி முடியும் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

குளத்துக்கு வந்தோம். யாரும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். ஒரு கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புதரிலிருந்து வந்து, எங்களைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. சித்தப்பா சாப்பிடாமல், வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. திடீரென்று எழுந்து, முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருப்பாங்க, முன்னாடி போயிருப்பாங்க, வாங்க வாங்க என்று எல்லாரையும் கிளப்பினார். யார் போயிருப்பார்கள் என்று கேட்டேன். மயில் என்றார். அத்தை குனிந்து கால் நெருஞ்சியை எடுத்தார். அவர் தோள் குலுங்கியது. முள் அவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நடை இல்லை, ஓட்டம். வெட்பாலை மரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அந்த இடத்தையே மணக்கவைத்துக்கொண்டிருந்தது. ஒரு கொத்துக்கு மட்டும் நிறுத்தினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அரை மைல் போயிருப்போம். பாதை ஓரத்தில் ஒரு அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா, அப்பா, மகன் மாதிரி யாராவது இப்படிப் போனார்களா என்று சித்தப்பா கேட்டார்.

“காத்தாலேர்ந்து இங்கதான் குந்தினு கீறேன். ஒரு ஈ காக்கா போவல. நீங்கதான் மொத ஆளு” என்றார் அந்த அம்மாள். பிறகு, இன்னா தொலைச்சீங்க என்றும் கேட்டார்.

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். நடந்தது இதுதான். அவர்கள் எங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். நாங்கள் குளத்தை விட்டு ஓடிவந்த பிறகு அவர்கள் குளத்துக்கு வந்திருப்பார்கள். நாங்கள் இன்னும் வரவில்லை என்று நினைத்து, அவர்களும் வந்த வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் இங்கே உட்கார்ந்து பின்னால் பார்க்க, அவர்கள் அங்கே உட்கார்ந்து பின்னால் பார்க்க, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லாரும் ஒரே பக்கம் போகிற வழியில் தற்செயலாக எதிர்ப்படுவது எப்படி என்று திட்டம் போட்டவருக்கு அப்போதுதான் தோன்றியது.

திரும்பிக் குளத்துக்கே போகலாமே என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இடப்பக்கமாக மலையைச் சுற்றுவதா, அதுவும் நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு, சுடுகாட்டில்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்று அடுக்கினார். பிறகு அத்தை நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பூப் பறிப்பது நல்ல காரியம்தான் என்று நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

அத்தை எதையும் கேட்காதவர் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோள் பையை முன்னால் இழுத்து, ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நோட்டு இல்லையே” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்பது பூ. எட்டு உண்மையான பெயர், ஒரு ஆவாரம்பூ. நான் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தேன். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. குளத்தங்கரையிலேயே வைத்துவிட்டேன் போல என்றார் அத்தை. அழாதே, வா, போய் எடுத்து வரலாம் என்று என் கையைப் பிடித்தார். சித்தப்பா, நான் போகிறேன் என்று எழுந்தார். அத்தை இல்லாமல் தான் மட்டும் போய்ப் பயனில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே உட்கார்ந்தார். அம்மாதான் தடுத்தார். வேண்டாம்மா, எதிர் வழியில் போகாதே, நோட்டுதானே, வேறு வாங்கிக்கலாம் என்றார்.

“நானும் பொறந்ததுலேர்ந்து சரியான பக்கமாத்தான சுத்தினேன் அண்ணி” என்றார் அத்தை. “என்ன ஆச்சு?”

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தோம். எனக்குக் கால் கூசியது. ஏதாவது ஆகும் என்று மலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். மலை சும்மா இருந்தது. அத்தை வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. நடுவில் ஒரு தடவை நின்று தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார்.

பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் ஒரு இலுப்பை மரம். நாங்கள் திரும்பினோம், அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பேன்ட்டைக் கெண்டைக்கால்வரை மடித்துவிட்டு, வெறும் காலோடு, தனியாக. எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் மரத்தடியைக் காட்டினார்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு புள்ளிமான். உதிர்ந்து கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. காது மட்டும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி வந்தது. அதன் முதுகுப் புள்ளிகள் மேல் மரத்தின் வெயில் புள்ளிகளும் விழுந்து, எது மானுடையது எது மரத்துடையது என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு விடாமல் நின்றேன். அத்தையின் கை என் கையைப் பிடித்திருந்தது, வியர்த்திருந்தது. அந்தப் பக்கம் அவர் நின்றார், இந்தப் பக்கம் அத்தை நின்றார். நான் மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மானைப் பார்த்தது நான் மட்டும்தான்.

மான் தலையைத் தூக்கியது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, பிறகு ஒரே தாவலில் குளத்துப் பக்கமாகப் புதருக்குள் போயிற்று.

அவர் குனிந்து மான் மிச்சம் வைத்த பூவில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். சின்னதாக, சந்தன நிறத்தில், உருண்டையாக, சர்க்கரை வாடை வீசுகிற பூ. “இலுப்பைப் பூ. ராத்திரில பூக்கும், விடியறதுக்குள்ள கொட்டிடும்” என்றார். பத்தாவது பூ. சந்தோஷத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோய், நோட்டைக் குடு அத்தை, ஒட்டணும் என்றேன். அத்தையும் மறந்துபோய்ப் பையைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நான் நோட்டைப் பார்த்தேன். பையைப் பார்த்தேன். “உள்ளயே இருக்கு!” என்றேன்.

அத்தைக்கு முகம் சிவந்தது. கலர் கம்மி என்று சொன்ன வீட்டுக்காரர்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். எதிரில் நின்றவர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கே தெரிந்தது. அத்தை நிமிர்ந்து, நேராக அவரைப் பார்த்தார்.

“பொண்ணுங்க இப்டி எதிர் பக்கமா வர்றது தப்புன்னு சொல்லமாட்டீங்களா?”

அவர் யோசித்தார். குளம் இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “மானும் அந்தப் பக்கமாத்தாங்க போச்சு” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அம்மா தேடுவாங்க என்று சொல்லி அவர் குளத்துப் பக்கம் போய்விட்டார். வந்த வழியே திரும்பிப் போகிறார், அவரும் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போகிறார் என்று அத்தையிடம் சொன்னேன். பார்த்தேன் என்றார் அத்தை. திரும்பி நடக்கும்போது, நோட்டு எப்படிப் பைக்குள் வந்தது என்று கேட்டேன். கொஞ்ச தூரம் வந்ததும் அத்தை என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, என் சட்டைக் காலரைச் சரி செய்தார்.

“மான் பாத்தோம்னு சொல்லு. வேற யாரையும் பாத்தோம்னு சொல்லாத. உன்னால முடியும்தான?”

என்னால் முடியும் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

சித்தப்பா அதே கல்லில்தான் இருந்தார். யாரையாவது பார்த்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். மான் என்றேன். குளத்துகிட்ட யாரும் இல்லையா என்றார். மான் என்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று எழுந்தார். வெயில் ஏறிவிட்டது. அடி அண்ணாமலையில் வெளியே வந்து, ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் பெரியவர்கள் மூன்று பேரும் துக்க வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அத்தை மட்டும் ஆட்டோக்காரரின் பாட்டுக்கு விரலால் பையில் தாளம் போட்டார். பத்துப் பூவும் கிடைத்த பிறகு எதற்குத் துக்கம், நோட்டு என்னுடையதாயிருக்க அத்தைக்கு எதற்குத் தாளம் என்று எனக்கு இரண்டு பக்கமும் புரியவில்லை.

சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் வந்தது. குளத்தங்கரையில் ஒன்பது மணிவரைக்கும் உட்கார்ந்திருந்தோம், பெண்ணைப் பார்க்கவே முடியவில்லை, வீட்டுக்கே வரலாமா என்று பையன் கேட்கிறான் என்றார்களாம். சித்தப்பா பயந்துகொண்டே உண்மையையெல்லாம் அத்தையிடம் ஒப்பித்தார். அத்தை பொறுமையாகக் கேட்டார். “வரச் சொல்லுண்ணா. தட்டு மட்டும் நான் தூக்கமாட்டேன்” என்றார். அம்மா, எல்லாம் அந்தக் கீரி என்றார். இன்றுவரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பைக்குள்ளேயே இருந்த நோட்டை எதற்காகத் தேடிப் போக வேண்டும் என்று நான் பல வருஷம் யோசித்தேன். நான்கு தடவை தன்னைப் பார்க்கவிட்டவர் ஒரே ஒரு தடவை தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பது, என்னைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். தட்டைச் சித்தப்பா தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு சாய்ந்து ஒரு பஜ்ஜி உருண்டது. அத்தை வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தது இலுப்பைப் பூக்காரர். செருப்புப் போட்டுக் கழற்றிய சுத்தமான கால், தேய்த்த பேன்ட். அந்த மாமாதான் இது என்று கத்தப் போனேன், வாயைத் திறந்தும்விட்டேன். அவர் என்னைப் பார்த்தார். யாரும் கவனிக்காமல் மெல்ல விரலை எடுத்து உதட்டில் வைத்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு விடாமல், தலையை மட்டும் மெதுவாகத் திருப்பி, மான் எங்கே என்று எங்கள் கூடத்தில் தேடினேன்.